இருளப்பன் சாரும் அந்தப் பெரிய மனுஷனும்

வாழ்நாளில் பாதியைப் பயமுறுத்தும் கதைகளோடு கழித்த ஒருவரிடம் பேசிவிட்டு வந்தால் நமக்கு ஏன் தைரியமாக இருந்தது? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. அவர் உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சிரித்திருப்பார். இனி அதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை பரவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சாரின் மனைவி ஜெயராணி அக்காவிடமிருந்து போன் வந்தது. "வாசுகி, ஒங்க சார் போயிட்டாரும்மா. வீட்டுக்குக் கொண்டு வந்துட்டு இருக்கோம்" என்றார். குரல் தெளிவாக இருந்தது. என் கையில் இருந்த காயை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கடைக்காரர், "என்னக்கா, யாருக்காச்சும் மேலுக்கு முடியலயா?" என்று கேட்டார். "ஒரு சார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேராசிரியர் இருளப்பன் மதுரைக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அதே துறையில் நான் மொழியியலும் இலக்கணமும் எடுக்கிறேன். ரத்தம் குடிக்கும் பிரபுக்கள் உலவுகிற பழைய ஆங்கிலக் கதைகள்தான் அவருடைய பாடம். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊறச் செய்வதை நிறுத்திக்கொண்டது. கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் தந்த ரத்தம் ஏற்றித்தான் வாழ்ந்தார். அடுத்த முறைக்கு ரத்தம் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கவலையாக இருந்தது. இதில் இருக்கும் முரணை முதலில் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது அவர் வீடு. நான் போனபோது தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யாரும் யாரையும் 'வாங்க' என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்வதில்லை. எத்தனையோ துக்க வீடுகளுக்குப் போயிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. கவனிக்க வைத்தது அவருடைய வகுப்பு ஒன்று. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது அவர் துறையில் மூத்தவர்களில் ஒருவர். அவருடைய பெயரும் பாடமும் சேர்ந்து மாணவர்களுக்குப் பெரிய வேடிக்கை. "இருளப்பன் சார் இருட்டைப் பத்தி எடுக்கிறாரு" என்பார்கள். அவர் மறுக்கவே மாட்டார். "எங்க குலசாமி பேருப்பா. பேய் எல்லாம் எங்க சாமிகிட்ட சம்பளம் வாங்குற ஆளுக" என்பார்.

எனக்கு அந்தக் கதைகளின் மேல் மதிப்பு இல்லை. கோட்டை, பனிமூட்டம், ஓநாய், சவப்பெட்டி. வளர்ந்தவர்கள் இதைப் படித்து என்ன செய்ய என்று அவரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மேடம், நீங்க சொன்ன நாலும் சாமான். சாமான எடுத்துட்டுப் பாருங்க, என்ன மிச்சம் இருக்குன்னு" என்றார்.

என்ன மிச்சம் என்று அவர் நினைத்தார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொன்னால் இப்படி வரும்: தொனி எழுதுகிறவருடையது, கலக்கம் படிக்கிறவருடையது. அந்தப் பழைய கதைகளில் எழுதுகிறவன் பதறவே மாட்டான். இன்ன ஊரில் இறங்கினேன், ரயில் தாமதம், இரவு உணவுக்குக் கோழி, காரம் அதிகம் என்று நாட்குறிப்பு எழுதிக்கொண்டு போவான். அவன் எவ்வளவு நிதானமோ அவ்வளவு நமக்குக் குளிரும். "எழுதுறவன் அலறிட்டான்னா படிக்கிறவன் கொட்டாவி விட்டுருவான்" என்பது சாரின் வாக்கியம். வினாத்தாளில் அதையே கொடுத்து விளக்கச் சொல்வார்.

'ரத்தக்காட்டேரி' என்ற சொல்லை அவர் வகுப்பில் பயன்படுத்த மாட்டார். அதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஏதாவது சினிமா ஞாபகம் வந்து சிரிப்பு கிளம்பிவிடும். அதற்குப் பதிலாக 'அந்தப் பெரிய மனுஷன்' என்பார். பழைய குடும்பம், ஏகப்பட்ட நிலம், பெரிய வீடு, இனிப்பான பேச்சு, ஊரே அவரைக் கண்டு நடுங்குகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் என்ன வேண்டும் என்று கேட்பார். பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

ஒரு முறை ஒரு மாணவன் எழுந்து, "சார், மதுரையில பனியே கெடையாது. நமக்கு எப்படி சார் அந்த மூடு வரும்?" என்று கேட்டான். சார் அந்தக் கோடையில் ஒரு வேன் பிடித்து வகுப்பையே தன் ஊருக்கு அழைத்துப் போனார். பேரையூரைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் உள்ள ஊர். துணைக்கு நானும் போனேன். உச்சி வெயிலில் அறுவடை முடிந்த காட்டில் எங்களை நிறுத்தி, "பேசாம நில்லுங்க" என்றார்.

நின்றோம். நிழல் காலடிக்குள் சுருங்கிவிட்டது. சீமைக்கருவேலம் அசையவில்லை. ஒரு காக்கைகூட இல்லை. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது, ஆனால் எந்தப் பக்கமும் ஆள் தெரியவில்லை. சற்று நேரத்தில் அதே மாணவன், "போகலாம் சார்" என்றான்.

"ஏன்ப்பா, பகல்ல என்ன பயம்?"

"தெரியல சார். இங்க நிக்க முடியல."

"இதுதான் நீ கேட்ட மூடு. பனி வேணாம், பாத்தியா?"

வேனுக்குத் திரும்பும்போது நான் சொன்னேன், "சார், இது வெயிலும் தண்ணித் தாகமும். வேற ஒன்னும் இல்ல." அவர் உடனே ஒப்புக்கொண்டார். "தாகம்தான் மேடம். அந்தக் கதையும் தாகந்தானே?" என்றார்.  வழியில் எல்லோருக்கும் நுங்கு வாங்கிக் கொடுத்தார்.

இனி அந்த வகுப்பு. அந்தப் பெரிய மனுஷனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு என்பது அந்தக் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். வீட்டார் அழைக்காமல் அவர் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. அழைப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்று காட்ட, இரண்டு பேரை எழுப்பி நடிக்கவிட்டார் சார். கோட்டைக்கு வருகிற விருந்தாளி ஒருவன், வரவேற்கிற பெரிய மனுஷன் ஒருவன். பெரிய மனுஷனாக நின்ற பையன், "வாங்க மாப்ள, எம்புட்டு நேரமா வெளிய நிக்கிறீக? கைய கால கழுவுங்க, சோறு போடச் சொல்றேன்" என்றான். வகுப்பு உருண்டு சிரித்தது.

சிரித்து முடியும்வரை சார் காத்திருந்தார். பிறகு, "அதையே மெதுவாச் சொல்லு. மாப்ளைய எடுத்துரு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல அவன் கழுத்தப் பாரு" என்றார். பையன் சொன்னான். "வாங்க. எம்புட்டு நேரமா, வெளிய, நிக்கிறீக." யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு உபசாரமான அந்தச் சொற்கள் அறைக்குள் தொங்கிக்கொண்டு நின்றன. பயம் மரியாதையில்தான் இருக்கிறது என்று சார் அடிக்கடி சொல்வதை அன்றுதான் நான் நம்பினேன்.

பின்வரிசையிலிருந்து கௌசல்யா கையைத் தூக்கினாள். ஒல்லியான பெண், அதிகம் பேச மாட்டாள். "சார், நம்ம ஊர்ல அவருக்குக் கஷ்டமே இல்ல. தெரியாத ஆளையும் வாங்கன்னு சொல்லிருவோம். எழவு வீட்டுல மட்டுந்தான் சொல்ல மாட்டோம்."

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அப்ப அவன் நொழைய முடியாத ஒரே வீடு எழவு வீடுதான்னு சொல்ற?"

"ஆமா சார். அங்க ஏற்கெனவே ஒருத்தர் வந்துட்டுப் போயிருப்பாருல்ல."

அன்று மாலை ஆசிரியர் அறையில் அவர் அதைக் குறைந்தது நாலு பேரிடம் சொல்லியிருப்பார். "நான் இம்புட்டு வருஷமா எடுக்குறேன், எனக்குத் தோணலயே" என்று குழந்தையைப் போல மகிழ்ந்தார்.

அந்தக் கட்டுப்பாட்டின் மேல் அவருக்கு இருந்த ஈடுபாட்டுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அவர் வகுப்பில் சொல்லவில்லை. ஒரு தேர்வுத்தாள் திருத்தும் முகாமில், தேநீர் இடைவேளையில், என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அவருடைய அப்பா கூலிக்கு உழுதவர். வேலை செய்த வீட்டின் வாசலில் வாழ்நாளெல்லாம் நின்றிருக்கிறார். 'நில்லு' என்று சொல்வார்களாம், 'போ' என்று சொல்வார்களாம். 'உள்ள வா' என்று மட்டும் சொன்னதில்லை. சார் விரிவுரையாளர் ஆனபின், தன் கல்யாணப் பத்திரிகையை அந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த தலைமுறைக்காரர் வெளியே வந்து, "வாங்க சார், உள்ள வாங்க" என்றாராம்.

"போனேன். உக்காரச் சொன்னாக, உக்காந்தேன். காபி குடுத்தாக, குடிச்சேன். ஒரே பயம் மேடம்."

"உங்களுக்கா?"

"அவுகளுக்கு."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, "யார் வாசல்ல நின்னது, யார் கூப்பிட்டது, யார் யார் ரத்தத்தக் குடிச்சது. அந்தக் கதைக இதத்தான் மாத்தி மாத்திக் கேக்குது" என்றார். நான் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். அது அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த கட்டுத் தாளைப் பிரித்தோம்.

நோய் வந்தபோது அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஒருவர் உடம்பில் ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக வேறொருவர் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். முதல் சில முறைகள் அக்காவின் உறவினர்கள் கொடுத்தார்கள். பிறகு ஆள் இல்லை. "பிள்ளைககிட்டச் சொல்லுங்க சார்" என்றேன். "கேட்டு வாங்குற சாமானா மேடம் அது? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி ரத்தம் குடுங்கன்னு நிப்பேன்? நான் எடுத்த பாடத்துக்கு நல்லாவா இருக்கும்?" என்றார். விளையாட்டாகச் சொன்னாலும், அன்று அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை.

அக்காதான் கௌசல்யாவுக்குப் போன் செய்தார். அவள் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் ஒரு கூட்டமாக வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். சாருக்குச் சங்கடம். "நான் யாரையும் கூப்பிடலையேப்பா" என்றார்.

"கூப்பிடாம வர முடியாதது பெரிய மனுஷனுக்குத்தான் சார். எங்களுக்கு என்ன?" என்றான், ஒரு காலத்தில் வகுப்பில் பெரிய மனுஷனாக நடித்தவன்.

அன்றிலிருந்து முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். டிரைவர் ஒருவர், போலீஸ்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியைகள், துணிக்கடை வைத்திருப்பவர். ரத்தம் ஏறும் நாளைச் சார் 'விருந்து' என்பார். அன்று மாலை என்னிடம் போனில் அறிக்கை வரும். "காலைல ரெண்டு இட்லி. ஒன்னு கல்லு. அப்புறம் விருந்து. அப்புறம் பேப்பர் படிச்சேன், ஒன்னும் விசேஷமில்ல. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுறாரு, நல்ல மனுஷன்." அவர் பாடம் எடுத்த தொனி அப்படியே இருந்தது. கலங்கியதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நான்தான்.

இடையில் ஒரு கூத்து நடந்தது. ஒருமுறை விருந்தின் முதல் பை முடிந்ததும் போலீஸ்காரரைக் கூப்பிட்டு, "ஏப்பா, ஒன் ரத்தம் ரொம்பத் துடியா இருக்கு. ஏறினதுலருந்து யாரையாச்சும் அதட்டணும்போலவே இருக்கு" என்றிருக்கிறார்.

போலீஸ்காரர் தயங்கி, "சார், ஒங்களுக்கு ஏத்துனது என்னோடது இல்ல சார். நான் குடுத்தது வேற யாருக்காச்சும் போகும். ஒங்களுக்கு வாரது யாரோ குடுத்தது" என்றார்.

அதுவரை ஒவ்வொரு பையும் தன் மாணவர் ஒருவருடையது என்றே சார் நம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியே நினைத்துப் படுத்திருந்தாராம். அன்று நான் பார்க்கப் போனபோது கையில் ஊசியோடு யோசனையில் இருந்தார்.

"யாருன்னே தெரியாது மேடம். எந்த ஊரு, எந்தத் தெரு, ஒன்னும் தெரியாது. எங்க அய்யாவ வாசல்ல நிக்க வச்ச வீட்டுப் பிள்ளையோட ரத்தமாவும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம் சார்."

"அதுக்குள்ளயும் நான் இருக்கேன். எனக்குள்ளயும் அது இருக்கு. யாரும் யாரையும் கடிக்கல." பையிலிருந்து சொட்டுவதைப் பார்த்தபடி தொடர்ந்தார். "அந்தக் கதைகள எழுதுனவுகளுக்கு இது தெரிஞ்சிருந்தா முடிவை மாத்தியிருப்பாக. எல்லாத்துலயும் கடைசியில அவன் நெஞ்சுல குத்த ஈட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிர்றாக. குடுத்தா என்ன ஆகும்னு ஒருத்தரும் எழுதிப் பாக்கலயே."

நான் எதையும் குறியீடாக்கிப் பார்ப்பதை விரும்பாதவள். அன்று மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

கௌசல்யாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. எல்லோரையும் திரட்டியவள் அவள், ஆனால் அவளிடம் ரத்தம் எடுக்க மறுத்துவிட்டார்கள். விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் பத்தாது. ஒங்களுக்கே ஏத்தணும்போல இருக்கே" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனாள், மறுபடியும் அதுவே. கூட வந்தவர்கள் அவளை விடவில்லை. "கௌசி, அந்தப் பெரிய மனுஷனே ஒன்னையப் பாத்தா பாவம்னு காசு குடுத்து அனுப்பிருவாரு" என்று கேலி செய்தார்கள். சார், "நீ அலையாதம்மா. எனக்கு ஏத்துறதுல பாதிய ஒனக்குத் தாரேன்" என்றார். அவள் சிரிக்கவில்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கருப்பட்டி, ஈரல் என்று யார் எது சொன்னாலும் சாப்பிட்டாள். மாத்திரையும் எடுத்துக்கொண்டாள். ஒரு தடவையாவது தன் முறை வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. இந்த ஞாயிற்றுக்கிழமை ரத்த வங்கிக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

கடைசியாக நான் சாரைப் பார்த்தது அதற்கு முந்தைய வியாழன் அன்று. காய்ச்சல் இருந்தது. நோய்த்தொற்று என்றார்கள். "பயமா இருக்கா சார்?" என்று கேட்டேன். வேறு யாரிடமும் நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். "அந்தக் கதைகள்ல தண்டனை எது மேடம்? சாவா? சாக முடியாம இருக்குறதுதான். நம்மளுக்கு அந்தத் தண்டனை கெடையாது. சாத்துக்குடி உரிங்க" என்றார். உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை சாப்பிட்டார். புளிப்பு என்றார்.

சனிக்கிழமை பிற்பகலில் அவரைக் கொண்டுபோனார்கள். நல்ல வெயில். வண்டிவரை பழைய மாணவர்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். அக்கா வாசல்படியில் நின்று வண்டி தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெரிய வாசகங்கள் வராது, சார். உங்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டது எனக்குக் கிடைத்த நல்லது. என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கூட்டம் கலைந்தபோது கௌசல்யா என்னிடம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "மேடம், நாளைக்கு என்னைய வரச் சொல்லியிருக்காங்க. இனிமே போயி என்ன செய்ய?" என்றாள். 

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். காலையில் அவள் போன் செய்து, போவதாகச் சொன்னாள். நானும் கூடப் போனேன். விரலில் குத்தினார்கள். அந்தப் பெண் ஊழியர் கருவியைப் பார்த்து, "இருக்கு, எடுக்கலாம்" என்றார். கௌசல்யா இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். "இருக்குன்னுதானே சொல்றேன், படுங்க" என்றார் ஊழியர். நோயாளியின் பெயரைக் கேட்டார். கௌசல்யா என்னைப் பார்த்தாள், பிறகு, "பேரு இல்லங்க. யாருக்கு வேணுமோ குடுங்க" என்றாள். பை ஒரு சிறிய தட்டின் மேல் மெல்ல ஆடி ஆடி நிறைந்தது. முடிந்ததும் அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தொட்டுவிட்டு, "சூடா இருக்கு மேடம்" என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்து ஜூஸும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஜன்னலில் ஒருவர் வந்து பி பாசிட்டிவ் இருக்கிறதா என்று கேட்டார். மனைவிக்கு மேல்மாடியில் ஆபரேஷன் என்றார். கௌசல்யாவுடையதும் அந்த வகைதான். "டெஸ்ட் முடியணும்ணே. சாயங்காலம் கெடைச்சுரும்" என்றார் ஊழியர். வந்தவர் எங்களுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். கௌசல்யா சற்றுப் பொறுத்து, "சாப்பிட்டீகளாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா. எறங்கல."

பிஸ்கட் பாக்கெட்டை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.